நான்கு அட்டைகளும் ஒரு வயிற்றுவலியும்

போன சித்திரையில் முக்கூடலிலிருந்து மதினியும் அவர் மகளும் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார்கள். மதினியின் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஒரு ஸ்கேன் அறிக்கையும் நான்கு அட்டைகளும் இருந்தன. குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மதினியின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, மகளின் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டு அட்டை. சீட்டு விளையாட உட்கார்ந்தவரைப் போல அவற்றைப் பாயில் பரப்பிவிட்டு, "இதில் எதை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று நீயே சொல், எனக்குத் தலை சுற்றுகிறது" என்றார்.

மகளுக்கு 24 வயது. நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனை வேலை. பதினைந்து வயதிலிருந்தே மாதவிலக்கு நாள்களில் சுருண்டு படுத்துவிடுவாள். முதலில் வெந்தயமும் மோரும் கொடுத்தார்கள். பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை. பிறகு, "கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை. அதைச் சொல்லாத பெண்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஒன்பது ஆண்டு கழித்துத்தான் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் நான்கு சென்டிமீட்டர் 'சாக்லேட் கட்டி', அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி. எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதியிருந்தது.

ஸ்கேன் எடுத்த தனியார் மருத்துவமனையிலேயே, அடுத்த வாரம் துளைவழி அறுவை சிகிச்சை செய்துவிடலாம், காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்ன சிகிச்சை என்பதற்கு முன்னால் எந்த அட்டை என்று கேட்டது எனக்கு உறுத்தியது. அந்த உறுத்தலில் பிறந்ததுதான் இந்த ஒப்பீடு.

நோயைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. கருப்பையின் உட்சுவரில் இருப்பதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ சிறுநீர்ப்பைப் பக்கமோ வளர்ந்துவிடுகிறது. மாதவிலக்கை நடத்தும் அதே ஹார்மோன்களுக்கு அதுவும் ஆடுகிறது. அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மாதவிலக்கு வலி, மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது வலி, சிலருக்குக் குழந்தை தங்குவதில் தடை. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகில் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இன்னதென்று கண்டுபிடிக்கவே நான்கிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆவதாகவும் சொல்கிறது. எங்கள் பிள்ளைக்கு ஒன்பது. உலக வழக்கப்படிதான் நடந்திருக்கிறோம்.

அடியோடு தீர்க்கும் மருந்து இதற்கு இல்லை. அடக்கி வைக்கலாம், ஆண்டுக்கணக்கில். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அட்டைகளின் மதிப்பே மாறிப்போகிறது. ஒரு நாள் செலவுக்கு எது உதவும் என்பது ஒரு கேள்வி. பத்து ஆண்டுச் செலவுக்கு எது உதவும் என்பது வேறு கேள்வி.

எண்டோமெட்ரியோசிஸுக்கென்று ஒரு அரசுத் திட்டம் மத்தியிலும் இல்லை, மாநிலத்திலும் இல்லை. ஆஸ்திரேலியா 2018இல் இந்த நோய்க்கென்றே ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. இங்கிலாந்தில் பொது மருத்துவர் எந்தக் கட்டத்தில் யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு 2017இலேயே வழிகாட்டு நெறி வந்துவிட்டது. நம்மிடம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் இதற்கு இடமில்லை. அதனால் அந்தச் சான்றிதழுக்காக அலைய வேண்டாம். வேறு காரணங்களுக்காகப் போட்ட திட்டங்களிலிருந்து நமக்கு வேண்டியதைப் பொறுக்கி ஒட்டுப்போட்டுக்கொள்வதுதான் வழி.

எந்த அட்டையும் கேட்காத வாசலிலிருந்து தொடங்குகிறேன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965இல் தொடங்கிய கல்லூரி. சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. புறநோயாளிச் சீட்டுக்கும் காசு இல்லை. ஆனால் அங்கே போகச் சொல்வதற்கு என் முதல் காரணம் இலவசம் அல்ல. இந்த நோய் குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ ஒட்டியிருந்தால் மகப்பேறு மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. குடல் அறுவை மருத்துவர் வேண்டும், சிறுநீரகப் பிரிவு வேண்டும், படம் பார்க்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவர் வேண்டும். இத்தனை பேரும் ஒரே வளாகத்துக்குள் இருக்கும் இடம் எங்கள் சீமையில் எளிதில் கிடைக்காது.

கல்லூரி மருத்துவமனை என்றால் அதற்குரிய சங்கடங்களும் உண்டு. காலையிலேயே போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். போன மாதம் பார்த்த இளம் மருத்துவர் இந்த மாதம் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதனால் கதையை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எந்த நாளில் வலி, எவ்வளவு, மலம் கழிக்கும்போது இருக்கிறதா, எத்தனை மாத்திரை போட்டாள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். ஸ்கேன் அறிக்கைத் தாளை மட்டுமல்லாமல் படங்களையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகாத பெண்களுக்கு இன்னொன்று. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில்தான் இந்த நோய் நன்றாகத் தெரியும். கல்யாணமாகாதவர்களுக்கு அதை நம் பக்கம் பெரும்பாலும் செய்வதில்லை. வயிற்றின் மேலாக எடுக்கும் ஸ்கேனில் கட்டி தெரியும். ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய திட்டுகள் தெரியாது. 'ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை' என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்கலாம். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் உறுதி என்ற பழைய விதியும் இப்போது இல்லை. 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டு நெறி, படத்தையும் அறிகுறிகளையும் வைத்தே மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறது. பிள்ளை பெற்றால் நோய் சரியாகும் என்பதற்காகக் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்றும் அதே நெறி சொல்கிறது. மதினிக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அடுத்தது காப்பீட்டு அட்டை. எல்லாரும் முதலில் நீட்டுவது இதைத்தான். 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022இல் 1,20,000 ஆனது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டதால் ஆலங்குளம், கடையம் பக்கத்து ஆட்கள் இப்போது தென்காசிக்குப் போக வேண்டும். இன்னும் பழக்கதோஷத்தில் கொக்கிரகுளத்துக்கு வந்து திரும்புகிறவர்கள் உண்டு.

பெரிய திட்டம்தான், எத்தனையோ வீடுகளைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். உள்நோயாளியாகச் சேர்ந்து, பட்டியலில் உள்ள ஒரு சிகிச்சையைச் செய்துகொண்டால் பணம் வரும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு வராது. காப்பீட்டுக்குக் கத்தி தெரியும், மாத்திரை தெரியாது. அதன் விளைவு என்ன? மருத்துவமனைக்கும் அறுவை சிகிச்சை லாபம், குடும்பத்துக்கும் அதுவே இலவசம். மாத்திரைக்குக் கைக்காசு. இரண்டு பக்கமும் தராசு ஒரே திசையில் சாய்கிறது. யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. திட்டம் போட்ட விதமே பெண்ணை அறுவை மேசைக்கு நகர்த்துகிறது.

அறுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத வலி, பெரிய கட்டி, குடலையோ சிறுநீர்க் குழாயையோ அடைக்கும் நோய், குழந்தைக்கு முயன்றும் தங்காத நிலை, இவற்றில் தேர்ந்த கையால் செய்யும் அறுவை பெரிய நிம்மதி. ஆனால் கட்டியின் சுவரை உரிக்கும்போது கூடவே நல்ல கருமுட்டைகளும் கொஞ்சம் போகும். அதற்குப் பிறகு மருந்து எடுக்காமல் விட்டால் இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும், ஐந்து ஆண்டுக்குள் பாதிப் பேர் வரைக்கும் நோய் திரும்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் இலவசமாக அறுவை செய்துகொண்டவளும் மாத்திரைக் கடைக்குத்தான் வரப்போகிறாள். 24 வயதில் ஒரு முறை, 28இல் ஒரு முறை என்று வயிற்றைத் திறந்துகொண்டிருக்க முடியாது. கல்யாணமாகாத பிள்ளைக்கு முதல் அறுவையை எப்போது செலவழிப்பது என்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

தனியாரில்தான் காப்பீடு செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனையிலும் இந்த அட்டை செல்லும்; அந்தத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். ஆகவே ஹைகிரவுண்டுக்குப் போகும்போதும் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், மருத்துவர் எழுதிய அறுவையின் பெயரைச் சொல்லி, எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது இ.எஸ்.ஐ. அட்டை. இதைப் பற்றி அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை. "சம்பளத்தில் ஏதோ பிடிப்பார்கள் அத்தை" என்றாள். அவ்வளவுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான்.

பத்துப் பேராவது வேலை செய்யும் கடையில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது உண்டு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், பத்தாயிரம் சம்பளத்துக்கு 75 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அதற்கு மருந்தகம் உண்டு, வண்ணார்பேட்டையில் மருத்துவமனை உண்டு, அங்கே முடியாததற்கு வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. காப்பீட்டு அட்டையோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வேறுபாடு: இங்கே புறநோயாளி மருத்துவமும் மாதாந்திர மருந்தும் சேர்த்தி. எழுதிக் கொடுத்த மாத்திரை இருப்பில் இல்லையென்றால் வெளியில் வாங்கிக் கொடுக்கவோ ரசீதுக்குப் பணம் திருப்பித் தரவோ வழி உண்டு. கூச்சப்படாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கூலியும் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்காவது பங்கு கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்த வரியைப் படித்ததும் மகிழ்ச்சி வடிந்துவிட்டது. நோய்வாய்ப்படும் ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய தடவைக்குப் பிறகு பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. மாதவிலக்கோ 28 நாளுக்கு ஒரு முறை வருகிறது, இரண்டு நாள் படுக்க வைக்கிறது. மாதம் இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 24 நாள் கூலி இழக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தின்படி ஒரு ரூபாய்கூட வராது. ஒரு வாரம் சேர்ந்தாற்போல் காய்ச்சலில் படுக்கிறவனை நினைத்து எழுதிய விதி அது. அறுவை செய்து மூன்று வாரம் படுத்தால் இந்த உதவி நன்றாகக் கைகொடுக்கும். இங்கேயும் பாருங்கள், தராசு கத்தியின் பக்கம்தான்.

மாதவிலக்கு விடுப்புக்குத் தமிழ்நாட்டில் சட்டமில்லை. பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுக்கத் தொடங்கியது 1992இல். கர்நாடக அமைச்சரவை ஆண்டுக்கு 12 நாளுக்கு ஒப்புதல் கொடுத்தது 2025இல். உச்ச நீதிமன்றம் 2024இல் அது அரசுகள் எடுக்க வேண்டிய கொள்கை முடிவு என்று சொல்லிவிட்டது. எங்கள் பிள்ளைக்குக் கடையில் கிடைத்த ஒரே சலுகை முக்காலிதான். கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இங்கே சட்டம் வந்ததே, அந்த முக்காலி.

மதினியின் பீடி அட்டை ஒரு தனிக் கதை. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றாத தெரு இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நல நிதியில், முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கு மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. குடும்பத்தாருக்கும் பார்ப்பார்கள். காய்ச்சல், இரத்தச் சோகை, வலி மாத்திரை இவற்றுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாசல் என்ற அளவில் எனக்கு அது பிடிக்கும். இந்த நோயின் சிக்கலான பகுதிக்கு அந்த வாசல் போதாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு வலியால் படுத்த நாளுக்கு விடுப்பு என்ற சொல்லே பொருந்தாது. சுற்றவில்லை, கூலியில்லை.

பேச்சோடு பேச்சாக மதினி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவருக்கும் இளவயதில் இதே வலி. 38 வயதில் ஒரு தனியார் மருத்துவமனையில் "இனி எதற்கு, பையை எடுத்துவிடலாம்" என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் கர்ப்பப்பையை 'பை' என்று மொட்டையாகச் சொல்வார்கள், கடைக்குப் போகும் பை போல. தேவையில்லாத கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் கருப்பைக்கு வெளியே இருக்கும் நோய். கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு வெளியில் இருப்பதை விட்டுவிட்டால் வலி தொடரலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் நாற்பது வயதிலேயே எலும்பு தேயத் தொடங்கும். ஆகையால் யாராவது 'பையை எடுத்துவிடலாம்' என்று சொன்னால், ஒப்புதல் தாளில் கையெழுத்து போடுமுன் இன்னொரு மருத்துவரிடம், முடிந்தால் ஒரு கல்லூரி மருத்துவமனையில், காட்டிவிடுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். மருத்துவர்கள் இப்போது அதிகம் எழுதுவது டயனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்ட்டிரோன் வகை ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்று. முதல் சில மாதம் அங்கங்கே இரத்தக் கசிவு இருக்கும். அதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள் பலர். விலை, நிறுவனத்தைப் பொறுத்து மாதம் ஆயிரத்துக்கு முன்னே பின்னே. மதினிக்கு வரும் மகளிர் உரிமைத் தொகையும் ஆயிரம்தான். முதல் இரண்டு மாதம் அந்தத் தொகை வந்து மாத்திரையாகப் போயிற்று. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மருந்தின் வேதிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல மருந்துகள் விலை குறைவாகக் கிடைக்கும். நிறுவனப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள்.

இதைவிட மலிவான வழி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை இலவசம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசி இலவசம். இந்த வகை மருந்துகள் இரண்டுமே எண்டோமெட்ரியோசிஸ் வலிக்குப் பயன்படுபவைதான். ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு மாத்திரை ஆகாது. ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதம், சிலருக்கு ஓர் ஆண்டு வரை, தாமதமாகலாம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. சிக்கல் அது மட்டுமல்ல. அவை வருவது குடும்ப நலத் திட்டத்தில். கிராம சுகாதார செவிலியரிடம் இருப்பது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கல்யாணமாகாத பெண் அந்த வாசலில் போய் மாலா-என் கேட்டால் மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி. அதே செவிலியர்தான் வளரிளம் பெண்களுக்கு 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கினும் கொடுக்கிறார். நாப்கின் கொடுக்கும்போது, வலிக்கிறதா, பள்ளிக்குப் போக முடிகிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது ஆண்டு மூன்றாகக் குறையும். கேட்பதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும்.

சித்த மருத்துவம் கேட்காமல் பாளையங்கோட்டையில் எந்த நோய்ப் பேச்சும் முடியாது. 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. என் அம்மாவின் முழங்கால் அவர்களுடைய தைலத்துக்குக் கடன்பட்டது. வலி தணிய, மலச்சிக்கல் இல்லாமல் இருக்க அங்கே போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டியைக் கரைக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க மருத்துவரிடமும் மற்றதைச் சொல்லிவிடுங்கள்.

கைக்காசு கொடுத்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவது? இரண்டும் ஏறத்தாழ 150, 160 கிலோமீட்டர். குடலில் ஆழமாக வேரோடிய நோய், ஏற்கெனவே ஓர் அறுவை தோற்றுப்போன நிலை, இந்த இரண்டுக்கும் போகலாம். முதல் முறையாகக் கட்டி தெரிந்தவுடன் நகையை அடகு வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. முதலில் ஹைகிரவுண்டில் காட்டி என்ன அளவில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டோம். குடலில் இல்லை, கட்டி மட்டும். ஆறு மாதம் மாத்திரை, பிறகு ஸ்கேன் என்றார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனாள், மூன்றாம் மாதத்திலிருந்து மாத்திரை அங்கிருந்து வருகிறது. காப்பீட்டு அட்டை பெட்டிக்குள், தேவைப்படும் நாளுக்காக. பீடி அட்டையில் இரத்தப் பரிசோதனை. இ.எஸ்.ஐ.யை முன்னால் வைத்ததற்கு மாத்திரை தவிர இன்னொரு காரணமும் உண்டு. நான்கில் அது ஒன்றுதான் அவள் சொந்தப் பெயரில், அவள் சொந்தச் சம்பளத்தில் வந்தது. மற்றவற்றில் அவள் யாருக்கோ மகள்.

இதே முடிவு எல்லாருக்கும் பொருந்தாது. அம்பாசமுத்திரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, அவள் ஹைகிரவுண்டிலேயே மருந்தும் கேட்டு வாங்க வேண்டும், அங்கே கொடுப்பது டயனோஜெஸ்ட் இல்லையென்றால் மருத்துவர் சம்மதத்தோடு மலிவான பழைய புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரைகளில் ஒன்று போதுமா என்று பார்க்க வேண்டும். கல்யாணமாகி மூன்று ஆண்டாகக் குழந்தைக்குக் காத்திருப்பவளுக்கு இந்த மாத்திரை வழியே அடைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அதைச் சாப்பிடும்வரை பொதுவாகக் கரு தங்காது. அவளுக்குக் காப்பீட்டு அட்டையும் அறுவையும் முன்னால் வரும். அரசு ஊழியர், ஆசிரியர் வீட்டுப் பெண்களுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அதுவும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும்.

வலி இப்போது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, போகவில்லை. இதற்கிடையில் தை மாதத்துக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் நோயைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு வாரம் வீட்டில் சண்டை. அவளே போனில் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டாள். "எங்கள் அக்காவுக்கும் இதுதான்" என்றானாம்.

நான் சொன்னது வேறு ஒன்று. கல்யாணமானதும் பெயரைப் பெற்றோரின் குடும்ப அட்டையிலிருந்து நீக்கி, நீக்கல் சான்று வாங்கி, மாப்பிள்ளை வீட்டு அட்டையில் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் எந்தக் குடும்பத்திலும் இல்லாமல் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் காப்பீட்டு அட்டை பேசாது. மாசியில் அடுத்த ஸ்கேன். அது முடியும்வரை பெயரை நீக்க அவசரப்பட வேண்டாம், வேலையையும் விட வேண்டாம் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறேன். "கல்யாணமான பிள்ளையின் பெயர் இங்கே இருந்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். கூடுதலாக ஐந்து கிலோ அரிசி கிடைக்கிறது என்று சொல்லுங்கள் மதினி என்றேன்.